எமிலியானாவின் சனிக்கிழமை விளக்கு

எமிலியானாவைப் பராமரிக்க நான் போனபோது அவருக்கு எழுபத்தெட்டு வயது. இடுப்பு உடைந்து மூட்டு மாற்றியிருந்தார்கள், இதயமும் பலவீனம். பலெர்மோ நகரின் வியா மக்வேதா தெருவில் நாற்பது வருடம் பொத்தான் கடை வைத்திருந்தவர். ஆளின் முகத்தைப் பார்க்குமுன் சட்டையைப் பார்ப்பார்.

"அம்பிகை, உன்ர மூண்டாவது பொத்தான் வேற குடும்பம்" என்றார் முதல் நாளே. மறுநாள் மாற்றித் தைத்துக்கொண்டு போனேன்.

அல்பெர்கேரியா பகுதியில் இரண்டாம் மாடி வீடு. குசினியில் இரண்டு தட்டில் பானைகள்: ஒன்று இறைச்சிக்கு, ஒன்று பாலுக்கு. மாறிக் கழுவினால் சத்தம் போடுவார். கணவர் வித்தோரியோ யூதர்; இறைச்சியும் பாலும் கலக்கக்கூடாது என்பது அவர்களின் விதி. இளவயதில் திரிப்போலியிலிருந்து கப்பலில் வந்தவர். எமிலியானா ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர். நாற்பத்தொரு வருடக் குடித்தனத்தில் தன் சமயத்துக்கு வா என்று வித்தோரியோ ஒருநாளும் கேட்கவில்லை.

"அதுதான் எனக்குக் கோவம்" என்றார் எமிலியானா. "ஒருக்காலாவது கேட்டிருக்கலாம். நீ நல்ல மனுசி, கடவுளுக்கு அது காணும், ஏன் கூடுதலாச் சுமக்கிறாய் எண்டுதான் சொல்லுவார்."

வித்தோரியோ இறந்து நாலு வருடமாகியும் பானைகள் பிரிந்தே இருந்தன. அப்போதுதான் எமிலியானா தானும் யூதராக வேண்டும் என்று முடிவெடுத்தார்.

பலெர்மோவில் யூதர்கள் கைவிரல் விட்டு எண்ணுமளவுதான். அவர்களின் மதகுரு, ராபி, வேறு நகரத்திலிருந்து மாதமொருமுறை வருவார். எமிலியானா போய்க் கேட்டதும் மறுத்துவிட்டார். கணவருக்குப் பக்கத்தில் புதைக்க இடம் வேண்டும் என்பதற்காகச் சேர்க்க முடியாதாம். இரண்டாம் முறையும் மறுத்தார். இந்த வயதில் அறுநூற்றுச் சொச்சம் கட்டளைகளைத் தலையில் ஏற்றுவானேன் என்றார். சேர வருகிற ஆளை முதலில் மறுத்துப் பார்ப்பது அவர்களின் வழக்கம் என்று பிறகுதான் அறிந்தேன்.

இதைப் பல்லரோ சந்தையில் இராசம்மாவிடம் சொன்னேன். அவள் ஜெபக்கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிறவள். என்னையும் ஆறு வருடமாகக் கூப்பிடுகிறாள்.

"நல்ல கூத்து!" என்றாள் இராசம்மா. "நாங்கள் வாங்கோ வாங்கோ எண்டு உன்ர காலைப் பிடிக்கிறம், நீ பிள்ளையாரை விட்டு வாறாயில்லை. அந்த மனுசி வாறன் வாறன் எண்டு நிக்கிறா, அவையள் கதவைச் சாத்துகினம்!"

"அப்ப நீயும் கதவைச் சாத்திப் பார்" என்றேன். "ஒருவேளை நான் வருவன்."

மூன்றாம் முறை ராபி வீட்டுக்கே வந்தார். எமிலியானா அவரைக் குசினிக்குக் கூட்டிப்போய்ப் பானைகளைக் காட்டினார். "இவ்வளவு காலம் அவருக்காகப் பிரிச்சு வைச்சன். இப்ப அவர் இல்லை. இன்னும் பிரிச்சுத்தான் வைக்கிறன். ஆருக்காக எண்டு நீங்களே சொல்லுங்கோ."

ராபி கதிரையை இழுத்து உட்கார்ந்து கோப்பி கேட்டார். பாலில்லாத கோப்பி கொடுத்தேன்.

"என்னையும் சேர்ப்பியளோ?" என்று சும்மா கேட்டேன்.

சிரித்தார். "உங்களுக்கு ஏன்? நேர்மையா நடந்தால் உங்களுக்கும் மறுவுலகில இடமிருக்கு. இவவுக்குத்தான் அது காணாதாம்."

ராபி ஒத்துக்கொண்டார்; இரண்டு வருடப் படிப்பு தொடங்கியது. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள்; நெருப்பு, மின்விளக்கு எதையும் தொடக்கூடாது. ஆனால் மதம் மாறி முடியாதவர் அந்த நாளை முழுதாகக் கடைப்பிடிக்கவும் கூடாதாம். ஒன்றையாவது வேண்டுமென்றே மீற வேண்டும். எமிலியானா வீட்டுக்குள் குசினிக்குப் போகும் நடைபாதையின் விளக்கைத் தெரிவு செய்தார். சனி பின்னேரம் ஊன்றுகோலோடு போய்ச் சுவிட்சைப் போடுவார்.

எனக்கு அது விளங்கவில்லை. இருட்டில் தடுக்கி விழப்போகிறாரே என்று ஒரு சனி முந்திப்போய் நானே போட்டுவிட்டேன். அவர் சுவரைப் பிடித்தபடி நின்று அழுதார். இடுப்பு உடைந்தபோதும் அழாத மனுசி.

"நான் இன்னும் யூதராகேல்லை எண்டு ஒத்துக்கொள்ளுற ஒரே வேலை அது" என்றார். "அதைச் செய்யாமல் மற்றதைச் செய்தால் பொய்க்காரி."

விளக்கை அணைத்தேன். அவர் திரும்பப் போட்டார். அதன்பின் நான் சுவிட்ச் பக்கம் போகவில்லை. கம்பளத்தை மட்டும் சுருட்டி வைத்தேன்.

கடைசிச் சடங்கு நீரில் முழுகுவது. அதற்குக் கடலும் செல்லுமாம். படிப்பு முடிந்த மே மாதம் ஒரு காலை, சனம் வருமுன் மொண்டெல்லோ கடற்கரைக்குப் போனோம். ராபியும் சடங்குக்கு வேண்டிய வேறு இருவரும் மணலில் முதுகைக் காட்டி நின்றார்கள். மொனிகா என்ற யூதப் பெண் உடம்பு முழுதும் தண்ணீர் பட முழுகினாரா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தளர்வான அங்கி போட்ட எமிலியானாவை நெஞ்சளவு நீருக்குக் கூட்டிப்போனேன். குளிர்காலம் வந்தால் அவர் நடப்பாரோ தெரியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இதை விட்டால் வேறு நாள் இல்லை.

முதல் முறை தாழ்ந்தார். "இல்லை!" என்றார் மொனிகா. "உங்கட கை! இறுக்கிப் பிடிச்ச இடத்தில தண்ணி படாது."

"விடேலாது" என்றேன். ஆளைத் தூக்கி இறக்குவதற்குப் பயிற்சி எடுத்தவள் நான். கையை எடுக்காதே என்பதுதான் அதில் முதற்பாடம்.

இரண்டாம் முறையும் என் விரல்கள் அவர் முழங்கையை விடவில்லை. அவர் உதடு நீலமாகத் தொடங்கியிருந்தது.

"அம்பிகை, நீ நல்லாப் பிடிக்கிறாய்" என்றார், பல் நடுங்க. "இப்ப நல்லா விடு."

மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தேன். பரவாயில்லை. "மூண்டு எண்ணுவன். பிறகு தலைமயிரில பிடிச்செண்டாலும் தூக்குவன்."

விட்டேன். அவர் கீழே போனார். ஒன்று. நரைமுடியும் உள்ளே போனது. இரண்டு. என் இரண்டு கையும் நீருக்கு மேலே வெறுமையாக இருந்தன. மூன்று சொல்லுமுன் "சரி!" என்று மொனிகா கத்தினார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். இருமினார், துப்பினார், சிரித்தார். கரைக்குக் கொண்டுவந்து துவாயால் சுற்றிக் காலைத் தேய்த்து இனிப்புத் தேநீர் கொடுத்தேன்.

அடுத்த சனி பின்னேரம் நடைபாதை இருண்டது. எமிலியானா கதிரையில் கையைக் கட்டியபடி இருந்தார். இனி அவர் யூதர்; சுவிட்சைத் தொடவும் கூடாது, என்னிடம் போடச் சொல்லவும் கூடாது. சொல்லவுமில்லை. அவருக்கென்று நானாகப் போட்டாலும் சரியில்லை.

"எனக்குக் குசினிக்குப் போக வழி தெரியேல்லை, சிஞ்ஞோரா" என்றேன். "எனக்காகத்தான் போடுறன்."

உண்மைதான். என் கண்ணும் முன்னைப்போல் இல்லை. போய்ச் சுவிட்சைப் போட்டேன்.

எமிலியானா என் சட்டையைப் பார்த்தார். "பொத்தான் எல்லாம் ஒரே குடும்பம்" என்றார்.