மூன்று பேருக்கு ஒரே குழந்தை

ஐந்து வயதில், ஒரே பகலில், நான் மூன்று பேருக்குக் கைக்குழந்தையாக இருந்தேன். அன்று தேர்தல். ஒரகடம் போகும் சாலையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப்பதிவு. காலையில் இயந்திரம் மக்கர் செய்ததில் பெண்கள் வரிசை வாசலைத் தாண்டி டீக்கடை வரை வந்துவிட்டது.

ஊருக்கெல்லாம் விடுமுறை. அம்மா, அத்தை, சித்தி மூவரும் வேலை பார்த்த கம்பெனியில் மட்டும் ஒப்பந்த ஆட்கள் மதிய ஷிப்டுக்கு வந்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸை விட்டால் மறுநாள் வேலை இருக்குமா என்பதே சந்தேகம். அம்மாவுக்குக் கூடுதலாக ஒரு தவிப்பு. கல்யாணமாகி வந்த பிறகும் அவள் ஓட்டு பிறந்த ஊரிலேயே கிடந்தது. அலையாய் அலைந்து அந்த முறைதான் இங்கே மாற்றியிருந்தாள். அதற்காகவே நல்ல சேலை கட்டியிருந்தாள்.

கைக்குழந்தையோடு வருபவர்களை முன்னால் விட்டார்கள். அதைக் கவனித்தது அத்தைதான். அவள் மூளை எப்போதும் குறுக்குவழியில்தான் ஓடும். என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துத் தலையைத் தோளில் சாய்த்தாள். என் கால் அவள் முழங்காலில் இடித்தது.

“ஜொரம்னு சொல்லப்போறேன். கண்ண மூடிக்கினு இரு. யார் இன்னா கேட்டாலும் தொறக்காத. முட்டாய் வாங்கித் தரேன்.”

வாசலில் நின்ற போலீஸ்கார அக்கா பரிதாபப்பட்டு உள்ளே விட்டார். விரலில் மையோடு வந்த அத்தை என்னைச் சித்தியிடம் கைமாற்றினாள். சித்தியும் அதே ஜுரத்தைச் சொல்லி ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். கடைசியில்தான் அம்மா. வீட்டுக்கு மூத்த மருமகள், எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டுப் பழகியவள்.

“மேடம், இதே மஞ்ச கவுனு மூணாவது தபா வருது!” என்று வரிசையில் யாரோ கத்தினார்கள்.

“இன்னாம்மா, இந்தப் பொண்ணுக்கு எத்தினி அம்மா?” என்றார் போலீஸ்கார அக்கா.

“சத்தியமா நான்தான் மேடம் பெத்தவ.”

“முன்னாடி வந்தவங்களும் அதத்தான் சொன்னாங்க.”

அம்மா என்னை உலுக்கினாள். “கண்ணத் தொறடி. நான் யாருன்னு சொல்லு.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னைச் சோதிக்கிறாள் என்று நினைத்து இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டேன்.

அம்மாவை வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிட்டார்கள். டீக்கடை வாசலில் என்னை இறக்கிவிட்டு நின்றாள். வரிசை நகர்வதற்குள் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது.

அத்தை சொன்னபடியே மிட்டாய் வாங்கித் தந்தாள். என்னை வீட்டுக்கு அழைத்துப்போக அப்பா வந்திருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“நான் கண்ணே தொறக்கலயே, பாத்தியாம்மா?”

“ஆமாண்டி தங்கம். கெட்டிக்காரி நீ.”

கன்னத்தைத் தடவிவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள். அத்தையும் சித்தியும் ஜன்னல் வழியாக மை வைத்த விரலைக் காட்டிக் கையசைத்தார்கள். அம்மா மட்டும் எதிர்ப்பக்க ஜன்னலோரம் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவ்வளவு பாராட்டியவள் ஏன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று அப்பாவிடம் கேட்க நினைத்தேன். வாயில் மிட்டாய் இருந்தது.