அக்காவின் ரத்தத்தைப் பார்த்த நாள்

எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. நடுவில் பிறந்த இரண்டு பேர் தங்கவில்லை. அதனால் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் சின்னப்பிள்ளை என்று நான் ஒருத்திதான். அக்கா மதுரையில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. படித்தாள். அப்பாவை நாங்கள் அத்தா என்று கூப்பிடுவோம். அவருக்குத் தோல் கிடங்கில் வேலை. வயதுக்கு வந்த பெண்ணை வெளியூரில் விட்டுப் படிக்கவைத்ததற்காக உறவுக்காரர்கள் ஒருவர் மிச்சமில்லாமல் அவரைக் குறை சொன்னார்கள். அத்தா மாதம் தவறாமல் ஹாஸ்டலுக்குப் பணம் கட்டினார்.

அக்கா ஊரில் இல்லாத நாட்களில் எனக்குப் பேச ஆள் கிடையாது. அவள் லீவுக்கு வந்தால் அவளுக்கும் பேச ஆள் கிடையாது. காலேஜில் படித்ததை அத்தாவிடம் சொன்னால் தலையை ஆட்டிக்கொண்டே தூங்கிப்போவார். அம்மாவிடம் சொன்னால் கையில் ஏதாவது வேலையைக் கொடுப்பாள். மிச்சம் இருந்தது நான்தான். ஆகவே நாலாம் வகுப்பிலேயே எனக்கு, உடம்பு முழுக்கச் செல்களால் ஆனது என்பதும், ஒரு செல் இரண்டாகப் பிரிந்து பிரிந்துதான் நாம் வளர்கிறோம் என்பதும் தெரிந்திருந்தது.

ஒட்டன்சத்திரத்துச் சின்ன வெங்காயத்தில் வேர்விட்டதாக ஒன்றைப் பொறுக்கி, வேர் நுனியைக் காட்டி, இங்கேதான் அது நடக்கிறது என்பாள். எனக்கு வேர்தான் தெரியும். அவளுடைய ரெகார்டு நோட்டில் படமாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. செல்லுக்குள் நூல்கண்டாய்ச் சிக்கிக்கிடந்தது தடித்துத் துண்டுதுண்டாகிறது. துண்டுகள் நடுவில் வரிசைகட்டி நிற்கின்றன. பிறகு இரண்டு பக்கமும் யாரோ பிடித்து இழுத்தாற்போல் விலகிப்போகின்றன. நடுவே ஒரு சுவர் எழும்புகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி பாகம் பிரித்த மாதிரியே இருக்கிறது என்றேன். அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

அந்த வருஷம் லீவு விடுவதற்கு முன்பே அவள் வந்துவிட்டாள். விட்டுவிட்டுக் காய்ச்சல். பல் விளக்கினால் ஈறில் ரத்தம். எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே காலில் நீலநீலமாகக் கன்றியிருந்தது. ஹாஸ்டல் சோறுதான் காரணம் என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அத்தா டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் ரத்தம் எடுத்துக்கொண்டு, மறுநாள் சாயங்காலம் வந்து முடிவைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம், அத்தா கிடங்கில் இருக்கும்போதே, பக்கத்துத் தெருவில் ஒரு சிநேகிதியைப் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டு அக்கா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். தெருமுனை திரும்பியதும் ஜட்கா பிடித்தாள். குதிரைவண்டி ஏறிய சந்தோஷத்தில், எங்கே போகிறோம் என்றுகூட நான் கேட்கவில்லை.

டாக்டர் ஆத்தூர்ப் பக்கம் யாரையோ பார்க்கப் போயிருந்தார். பின்னறையில் ஜன்னலோரம் மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு, ரத்தம் பார்க்கிறவர் மட்டும் இருந்தார். நரைத்த மீசைக்காரர். முடிவை டாக்டர்தான் சொல்வார் என்றார். முடிவு வேண்டாம், ஸ்லைடை ஒரு தடவை பார்த்தால் போதும் என்றாள் அக்கா. அதெல்லாம் முடியாது என்றார். தான் என்ன படிக்கிறோம் என்பதைச் சொல்லிப் பார்த்தாள். அதற்கும் அவர் அசையவில்லை.

"என் ரத்தந்தானேண்ணே," என்றாள்.

அவர் ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்துவைத்து, அதன்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கீழே இருந்த கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"செத்த நேரம் பாரும்மா. நான் டீ குடிச்சுட்டு வாரேன்," என்று வெளியே போனார். செருப்புப் போட்டுக்கொள்ளாமலே போனார். ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

அக்கா குனிந்தாள். எங்கோ பூட்டுப் பட்டறையில் அரம் தேய்க்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் விரல்கள் சில்லை மெல்ல மெல்ல நகர்த்தின, நின்றன, மறுபடி நகர்த்தின. நான் ஸ்டூலைச் சுற்றி வந்தேன். இரண்டு தடவை கூப்பிட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை. அந்தச் சின்ன அறையில் நான் இருப்பதையே அவள் மறந்துவிட்டாள் என்று எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. அப்புறம் நிமிர்ந்து, என்னைத் தூக்கி ஸ்டூலில் நிற்கவைத்தாள்.

வட்டமான வெளிச்சம். அதில் வெளிறிய இளஞ்சிவப்புப் பொட்டுகள் கொஞ்சம். மற்றபடி எங்கு பார்த்தாலும் ஊதா. பெரிய பெரிய ஊதா மணிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. காலேஜில் தன் ரத்தத்தைப் பார்த்தபோது ஒரு வெள்ளையணுவைக் கண்டுபிடிக்கத் தேடவேண்டியிருந்தது என்றும், சாயம் போட்டால் அதன் நடு மட்டும் ஊதாவாகத் தெரியும் என்றும் அவள் எனக்குச் சொல்லியிருந்தாள். இப்போது தேடவே வேண்டியிருக்கவில்லை.

"அழகா இருக்குக்கா," என்றேன்.

"அழகாத்தான் இருக்கு." எனக்குப் பின்னாலிருந்து கைநீட்டிச் சில்லைக் கொஞ்சம் நகர்த்தினாள். "இப்ப நடுவுல பாரு."

நோட்டில் இருந்த படம் அங்கே உயிரோடு இருந்தது. கருத்த துண்டுகள் இரண்டு பக்கமாக விலகி நின்றன. "ரெண்டாகுதுக்கா!" என்று கத்தினேன்.

"ஆமா. இது எலும்புக்குள்ள நடக்கவேண்டியது. அங்க பிறந்து, ஆளாகித்தான் ரத்தத்துக்கு வரணும். இதுக பிஞ்சுலயே வெளிய வந்துருச்சுக."

"வந்தா என்ன?"

"எப்ப நிறுத்தணும்னு இதுகளுக்குத் தெரியல." பிறகு என்னைக் கீழே இறக்கிவிட்டு, "இங்க வந்தது நமக்குள்ள இருக்கட்டும். அத்தா அம்மா யாருகிட்டயும் சொல்லக்கூடாது. சொல்ல மாட்டீல்ல?" என்றாள்.

நான் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற கர்வத்தோடு ஜட்காவில் ஏறினேன்.

அன்று சாயங்காலம் அத்தா முடிவை வாங்கிக்கொண்டு வந்தார். முற்றத்துக் குழாயில் வெகுநேரம் முகம் கழுவினார். ரத்தம் கொஞ்சம் கம்மியாக இருக்கிறதாம், வேறொன்றுமில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அப்புறம் அம்மாவை அடுப்படிக்குள் கூட்டிப்போனார். வெளியே வந்த அம்மா, அடுப்புப் புகை என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அடுப்பு எரியவில்லை.

மறுநாளிலிருந்து ஈரலும் பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் வந்து குவிந்தன. அக்கா மறுக்காமல் சாப்பிட்டாள். இப்போது தெம்பாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாள். அடுத்த வருஷப் பாடப் புத்தகங்களை வாங்கித்தரச் சொல்லி அத்தாவிடம் கேட்டாள். அவரும் மதுரைக்குப் போய் வாங்கிவந்து, அட்டைபோட்டு அவள் தலைமாட்டில் அடுக்கினார். வீட்டில் மூன்று பேரும் ரொம்ப நன்றாகப் பேசிக்கொண்டார்கள். ஆனால் மூவரும் ஒரே அறையில் சேர்ந்து அதிக நேரம் இருக்கவில்லை. என்னை அவள் பக்கத்தில் படுக்கவிடவில்லை. அடுத்த அறையில் தனியாகப் படுத்து அவள் இருமுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குப் பிறகு அம்மா கையேந்தி, பிள்ளைக்கு ரத்தம் ஊறவேண்டும் என்று துஆ கேட்பாள். என்னையும் கேட்கச் சொல்வாள். எனக்கு அம்மாவைவிட விவரம் தெரியும் அல்லவா? செல் பெருகினால்தான் உடம்பு வளரும். அதனால் அந்த ஊதா மணிகள் எல்லாம் இரண்டு இரண்டாக, நாலு நாலாகப் பெருகட்டும் என்று கேட்டேன். தினமும், ஒரு நாள் விடாமல் கேட்டேன்.

நாலு மாதம் இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை விடியும்போது போய்விட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் வெளியேறியதும் வீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் யார் யாரோ உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு இடமில்லை. அக்காவின் கட்டில் காலியாக இருந்தது; அதில் ஏறி உட்கார்ந்தேன். யாரும் இறங்கச் சொல்லவில்லை.

நாற்பதாம் நாள் பாத்தியா ஓதி, வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபிறகு, அம்மா முற்றத்தில் பீங்கான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் துடைத்துத் துடைத்து அடுக்கினேன். அம்மா என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அக்கா உங்கிட்டத்தான் எல்லாம் பேசுவா. தனக்கு என்ன சீக்குன்னு அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சா?"

எனக்குச் சத்தியம் ஞாபகம் வந்தது. நாற்பது நாளாக யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. சொல்லிவிட்டால் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, இன்னும் இன்னும் கேட்பாள் என்று தோன்றியது. வாய்வரை வந்துவிட்டது.

"தெரியாதும்மா. ரத்தம் கம்மின்னுதான் சொன்னா," என்றேன்.

அம்மாவின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. "அல்லா காப்பாத்துனான். எம்புள்ள பயப்படாமப் போயிருச்சு," என்றாள்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்ற திருப்திதான் அப்போது எனக்கு. அதற்குப் பிறகும் அம்மா அதே கேள்வியை, நோன்புப் பெருநாள் வரும்போதெல்லாம், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் கேட்டாள். நானும் அதே பதிலைச் சொன்னேன். பதில் தெரியாததால்தான் கேட்கிறாள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.