அசையாமல் பிடிக்க ஒரு ஆள்

கனகம்மாக்காவைப் பற்றிச் சொல்லுறதெண்டால் முதலில என்னை நானே நாலு ஏச்சு ஏசிப்போட்டுத்தான் தொடங்கவேணும். அந்த எக்ஸ்ரே அறையில பொத்தானை அமத்தினவன் நான். நோயாளியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ அவ. ரெண்டு வருசம் ஒரே அறையில வேலை செய்தனாங்கள். எனக்கு ஒண்டும் நடக்கேல்லை.

நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரையில யப்பான்காரன் குண்டு போட்டுப் போன பிறகு திருகோணமலையில பாதிச் சனம் ஓடிப்போச்சு. பிறகு துறைமுக வேலைக்கெண்டு அதைவிடக் கூடச் சனம் வந்து இறங்கிச்சு. அந்த வேலைக்காரருக்கும் சுத்தவர இருக்கிற ஊர்ச் சனத்துக்குமாய் உப்புவெளிப் பக்கம் தகரக் கூரையோட ஒரு ஆஸ்பத்திரி போட்டாங்கள். யுத்தம் முடியப் பிரிச்சும் போட்டாங்கள். இப்ப அந்த இடத்தில ஒரு ஆணிகூட இல்லை. அங்க ஒரு பழைய எக்ஸ்ரே மெசின் இருந்தது. அதை ஓட்ட என்னை எடுத்தினம். பேர் வீரசிங்கம், வயது இருபத்தேழு, வாய் மட்டும் நீளம்.

கனகம்மாக்கா பக்கத்தில சல்லி எண்ட ஊரிலயிருந்து நடந்து வாறவ. புருசன் குண்டுக்குப் பயந்து ஓடினவன், திரும்பி வரேல்லை. அவன் செத்தாலும் ஒண்டுதான், இன்னொருத்தியோட இருந்தாலும் ஒண்டுதான் எண்டு சொல்லிப்போட்டுத் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு போவா. ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைக்கத்தான் அவவை எடுத்தது.

அவவை என்ர அறைக்குள்ள கொண்டுவந்தது எங்கட பக்கத்து வழக்கம்தான். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் பெண்டுகளெண்டாலும் சரி, எங்கட நிலாவெளிப் பெண்டுகளெண்டாலும் சரி, தனிய ஒரு ஆம்பிளை நிக்கிற இருட்டறைக்குள்ள வந்து படுப்பினமோ? ஒரு பொம்பிளை பக்கத்தில நிண்டால்தான் வருவினம். அதோட, அந்த அறுந்துபோன பழைய மெசினில படம் விழ, படுத்த ஆள் மூண்டு நாலு செக்கன் அசையாமல் இருக்கவேணும். சின்னப் பிள்ளையள் இருக்குங்களோ? கனகம்மாக்கா ரெண்டு கையாலயும் அமத்திப் பிடிப்பா. நான் ஈயத்தகடு அடிச்ச மறைப்புக்குப் பின்னால போய் நிண்டுகொள்ளுவன்.

டொக்டர் தங்கத்துரை கெட்ட மனுசன் எண்டு நான் சொல்லமாட்டன். ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேரைத் தனிய பாத்தவர். ஒரு ஆளோட அஞ்சு நிமிசம் கதைக்கிறதிலும் பார்க்க எக்ஸ்ரே எடுக்கச் சொல்லித் துண்டு எழுதுறது சுகம். முதுகு நோவுக்குத் துண்டு. இருமலுக்குத் துண்டு. பிள்ளை சோறு தின்னுதில்லை எண்டால் அதுக்கும் ஒரு கண்டறியாத துண்டு. சனமும் கேட்டு வாங்கப் பழகிட்டுது. படம் எடுக்கிறது உடம்பு வருத்தத்தைப் பாக்கிறதுக்கு எண்டு ஆருக்கும் விளங்கேல்லை, எடுக்கிறதே வைத்தியம் எண்டு நினைச்சினம். குறிஞ்சாக்கேணியிலயிருந்து உம்மு குல்சும் எண்டு ஒரு மனுசி வந்து, போனமுறை எடுத்ததில இடுப்பு நாரிப்பிடிப்பு அரைவாசி சுகமாயிட்டுது, மிச்சத்துக்கும் ஒருக்கால் எழுதித் தாங்கோ எண்டு கேட்டா. டொக்டர் தலையை நிமித்தாமல் எழுதிக் குடுத்தார். அந்த மனுசியையும் கனகம்மாக்காதான் பிடிச்சவ.

ஒரு வருசம் போகேல்லை, அவவின்ர விரல் தோல் வறண்டு வெடிக்கத் தொடங்கிச்சு. நகம் வரிவரியாய்ப் பிளந்துது. நிலம் கழுவுற மருந்துத் தண்ணியாக்கும் எண்டுதான் ரெண்டு பேரும் நினைச்சம். பிறகு வலக்கைச் சுட்டுவிரலில ஒரு புண் வந்துது, ஆறேல்லை. தேசிக்காய் பிழிய ஏலாது, மிளகாய்த்தூள் பட்டால் உயிர் போகுது எண்டு சொன்னா. அப்பதான் நான் மெசினோட வந்த புத்தகத்தை எடுத்து விரிச்சனான். வந்த அண்டைக்கே வாசிச்சிருக்கவேணும், சோம்பேறி. நோயாளியைப் பிடிக்க நெடுக ஒரே ஆளை விடக்கூடாதாம், கைக்கு ஈயம் சேர்ந்த உறை போடவேணுமாம். இல்லாட்டில் கதிர் பட்டுப் பட்டு வாற புண் ஆறாதாம், விரலையே வெட்டவேண்டி வருமாம்.

புத்தகத்தைக் கொண்டுபோய் டொக்டருக்குக் காட்டினன். புத்தகக்காரர் அப்பிடித்தான் பக்கம் பக்கமாய் வெருட்டுவினம் எண்டார். கையுறை கேட்டு மேலிடத்துக்கு எழுதிப் போட்டன், யுத்தம் முடியட்டும் எண்டு மறுமொழி வந்துது. கடைசியாய் கனகம்மாக்காவுக்கே விசயத்தைச் சொன்னன். தன்னைப் பொம்பிளையள் படுக்கிற வாட்டுக்கு மாத்தச் சொல்லி டொக்டரிட்டைக் கேக்கச் சொன்னா.

"விரல் போனால் என்னை ஆர் வேலைக்கு வைச்சிருப்பினம், தம்பி? பிள்ளையள் ரெண்டும் என்னத்தைத் தின்னுறது?"

மாத்துறதுக்கு டொக்டரின்ர ஒரு கையெழுத்துத்தான் வேணும். நாலுதரம் கேட்டம். நாலுதரமும் அவர், கனகம்மா போனால் ஆர் பிடிக்கிறது எண்டு திருப்பிக் கேட்டார். அதுவும் பொய்யில்லை. கூட்டித் துடைக்கிற மற்றப் பெண்டுகள் அவவின்ர விரலைப் பாத்தவை, ஒருத்தியும் வரமாட்டன் எண்டிட்டினம். எனக்கு வந்த விசருக்குக் கதிரையைத் தூக்கி அடிச்சிருப்பன். அடிக்கேல்லை. வேலை போயிடும் எண்ட பயம் எனக்கும் இருந்துது.

நாற்பத்திநாலு மார்கழி, விடாமல் மழை. ஒரு நாள் காலமை கனகம்மாக்கா வரிசையில நிண்ட சனத்தை விலத்திக்கொண்டு டொக்டரின்ர அறைக்குள்ள போனா. நானும் பின்னால ஓடினன். விரலில சுத்தியிருந்த சீலைத்துணிக் கட்டை அவிட்டுப்போட்டு, மேசையில ரெண்டு கையையும் விரிச்சு வைச்சா. டொக்டர் எழுதிக்கொண்டிருந்த துண்டுக்கு மேலதான் வைச்சா.

டொக்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கொண்டு பாத்தார். கையைத் திருப்பிப் பாத்தார். விரலை மெல்ல அமத்தி, நோகுதோ எண்டு கேட்டார். அந்த மனுசன்ர முகம் மாறிப்போச்சு. இவ்வளவு காலமும் இதை ஏன் வந்து காட்டேல்லை எண்டு அவவை ஏசினார். ஏசிக்கொண்டே ஒரு துண்டை இழுத்து எழுதினார். அப்பாடா எண்டிருந்துது எனக்கு.

வெளியில வந்ததும் அவ துண்டை என்னட்டைத் தந்தா. இங்கிலீசு தெரியாது அவவுக்கு. எந்த வாட்டு எண்டு கேட்டா.

வலது கை, இடது கை, ரெண்டுக்கும் எக்ஸ்ரே எண்டு எழுதியிருந்துது.

நான் திரும்ப உள்ளுக்குப் போனன். "ஐயா, எக்ஸ்ரேயாலதான் இந்தப் புண்ணே வந்தது."

"அதைப் படம் பாக்காமல் எப்பிடிச் சொல்லுறது, வீரசிங்கம்? எலும்பில ஏதும் இருந்தால் இண்டைக்கே மாத்திவிடுறன்," எண்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நான் எடுக்கமாட்டன் எண்டு சொல்லியிருக்கலாம். கனகம்மாக்காதான், எடுங்கோ தம்பி, படம் இல்லாமல் அவர் கையெழுத்து வைக்கமாட்டார் எண்டா. வலக்கை ஒருதரத்தில சரிவந்தது. இடக்கை அசைஞ்சபடியால் ரெண்டுதரம் எடுக்கவேண்டி வந்துது. அவவைப் பிடிக்க ஆள் இல்லை.

மத்தியானம் படம் காஞ்ச உடன கொண்டுபோய்க் குடுத்தன். டொக்டர் யன்னல் வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தார். அவருக்கு உண்மையாவே சந்தோசம். துண்டின்ர அடியில ரெண்டு வரி எழுதிக் கையெழுத்து வைச்சுத் தந்தார்.

கனகம்மாக்கா விறாந்தையில நிண்டா. வாசிக்கச் சொன்னா. எலும்பில ஒரு குறையும் இல்லை, செய்யிற வேலையைத் தொடர்ந்து செய்யலாம் எண்டு வாசிச்சன்.

"அப்ப மாத்தேல்லையோ?"

இல்லை எண்டன். அவவின்ர முகத்தைப் பாக்க எனக்கு வெக்கமாயிருந்துது. திரியாயிலயிருந்து வந்த ஒரு தாய் துண்டோட வாங்குப் பலகையில இருந்தா, மடியில நாலு வயதுப் பெட்டை கத்திக்கொண்டிருந்தாள். கனகம்மாக்கா சீலைத்துணியை எடுத்து, பல்லால முடிச்சை இறுக்கி, விரலைத் திரும்பக் கட்டினா.

"அந்தப் பிள்ளையைக் கூப்பிடட்டோ, தம்பி?"

கூப்பிடுங்கோ எண்டு சொன்னன்.