பூசைக்கு முந்தைய வெர்ஷன்

பக்கவாதம் வந்து அய்யாவுக்குப் பேச்சு நின்றபின், என் தொடுதிரை லேப்டாப்தான் அவருக்காகப் பேசியது. வாலிநோக்கம் உப்பளத்திலேயே காலம் தள்ளியவர். எழுதப் படிக்கத் தெரியாது. அதன் லினக்ஸ் சிஸ்டத்தில் பேசும் பலகை என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருந்தேன். திரை முழுக்கப் படங்கள். செம்புப் படத்தை இடதுகை விரலால் தொட்டால் "தண்ணி வேணும்" என்று சொல்லும்.

ஆயுத பூசைக்கு ஊரே அரிவாளையும் வண்டியையும் கழுவியது. நான் லேப்டாப்பைத் துடைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி எல்லாவற்றையும் அப்டேட் செய்தேன். பழைய மென்பொருள் பேக்கேஜ்களைக் குப்பை என்று அழித்தேன். பிறகு சந்தனம் வைத்து சாமி படத்தின்முன் வைத்தாயிற்று. பூசையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது.

சாயங்காலமே அய்யா நெஞ்சைத் தட்டித் தட்டி லேப்டாப்பைக் காட்ட ஆரம்பித்தார்.

"என்னோடதக் குடுங்கன்னு கேக்குறாக," என்றாள் அம்மா. அவரிடம் குனிந்து, "ஒரு நா பொறுங்க. நாளைக்கு எடுத்துருவோம்," என்றாள்.

மறுநாள் எடுத்தால், பலகை திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. புது வெர்ஷன் ஒத்துக்கொள்ளவில்லை. பழையதைப் போட்டால் சரியாகிவிடும். அதைத்தான் அழித்துத் தொலைத்திருந்தேனே. எங்கள் ஊர் சிக்னலில் அது கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கவே பொழுது போய்விட்டது. அய்யா நெஞ்சைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"அதத்தான பாத்துக்கிட்டு இருக்கேன். சும்மா இருங்கய்யா!" என்று கத்தினேன். அவர் கையைக் கீழே போட்டார்.

அதற்கும் மறுநாள் காலையில் சாயல்குடிக்கு வண்டியை விட்டு, பழைய வெர்ஷனையும் அது கேட்ட பழைய பேக்கேஜ் ஒன்றையும் இறக்கி வந்தேன். டெர்மினலில் கட்டளை அடித்துப் புதியதை நீக்கிவிட்டு இரண்டையும் போட்டேன். இனிமேல் தானாக அப்டேட் ஆகாதபடி நிறுத்தியும் வைத்தேன். பலகை திறந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அய்யாவின் மடியில் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் தேடவே இல்லை. நெஞ்சில் கை வைத்திருக்கும் ஆளின் படத்தைத் தொட்டார்.

"நெஞ்சு வலிக்குது," என்றது லேப்டாப். மறுபடியும் தொட்டார். மறுபடியும்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று மாலையே அய்யா போய்விட்டார்.

"ரெண்டு நாளாவே வலி இருந்திருக்கும். அவரு ஒண்ணும் சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார்.

"சொன்னாரு சார்," என்றேன்.