இரண்டாவது குழாய்

பட்டப்பகலில் நடந்தது. அதனால்தான் யாரும் நம்புவதில்லை. நேரங்களை அன்றே குறித்துவைத்தேன், ஒன்றையும் மாற்றவில்லை.

பனி கொட்டிச் சாலையை மூடியிருந்தது. குறைமாதத்தில் பிறந்த எங்கள் மகளுக்கு அன்று பத்தொன்பதாம் நாள். அறை இருபத்து நான்கு டிகிரிக்குக் கீழே போகவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மதியம் 2.40க்கு வாடகை வீட்டின் ஹீட் பம்ப் குளிர்ந்த காற்றை ஊதத் தொடங்கியது. வேறு ஹீட்டர் இல்லை. போய்ப் பார்த்தால், பின்புறச் சுவரோரம் இருந்த வெளிப்பெட்டி முழுக்க ஐஸ்.

மெக்கானிக்கைப் போனில் பிடித்தேன்.

“நான் வர ஆறு மணி ஆயிடும், சார். கேளுங்க. பெட்டிக்குள்ள ரெண்டு குழாய், நடுவுல ஒரு பைபாஸ் வால்வு. ஐஸ் கட்டினா அது திறக்கணும். கம்ப்ரஸர்ல இருந்து வர்ற சூடான கேஸ் குறுக்கு வழியில வந்து ஐஸை உருக்கிடும். உங்களுது சிக்கியிருக்கு.”

“இப்ப என்ன பண்ண?”

“கீழ இடுக்குல கையை விடுங்க. முதல் குழாய் சுடும், தொடாதீங்க. ரெண்டாவது ஜில்லுனு இருக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டு வெளித் தகட்டைத் தட்டுங்க. திறந்தா ‘டக்’னு கேக்கும். ரெண்டாவதும் சூடாகும்.”

3.25. அறையில் பதினேழு டிகிரி. மனைவி குழந்தையை நெஞ்சோடு போர்த்திக்கொண்டு ஜன்னலருகே நின்றாள்.

“உதடு நீலமாகுதுங்க! என்ன, விருந்துக்கு வந்த மாதிரி கதவு தட்டுறீங்க? ஓங்கித் தட்டுங்க!”

இரண்டாவது குழாய் கையில் இருந்தது. செத்த குளிர். ஸ்க்ரூடிரைவர் பிடியால் மூன்று முறை ஓங்கித் தட்டினேன்.

ஒன்றுமில்லை.

3.38. ஸ்க்ரூடிரைவர் கைநழுவிப் பனியில் விழுந்தது. தேட வலுவில்லை. “திறந்துடு...” என்று கெஞ்சினேன். யாரிடம் என்று தெரியாது.

டக்.

டக். டக்.

உள்ளிருந்து...

குழாய் சூடேறியது. சுடவில்லை. வெதுவெதுப்பு.

என் விரல்களை ஒருமுறை இறுக்கியது.

ஐஸ் பாளமாகச் சரிந்தது.

4.20க்கு அறை இருபத்து நான்கைத் தொட்டது. மகள் பாலுக்கு அழுதாள். விரல் மரத்துப்போனதில் ஏதோ தோன்றியிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

6.10க்கு மெக்கானிக் வந்து தகட்டைக் கழற்றினார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்.

“இதுல வால்வே இல்லையே, சார். கழட்டி, முனையை அடைச்சிருக்காங்க. ரெண்டாவது குழாயும் இல்ல.”

வீட்டுக்காரரைப் போனில் கேட்டோம்.

“போன குளிர்காலம் வால்வு மாத்த வந்தவரு ஷாக் அடிச்சு அங்கேயே போயிட்டாரு. இடுக்குல இருந்து கையை வெளிய எடுக்கவே நேரமாச்சு. அப்புறம்தான் எல்லாத்தையும் கழட்டச் சொன்னேன்.”

மெக்கானிக் இடுக்கைப் பார்த்தார். பிறகு என் வலது கையை.

“அப்ப நீங்க எதைப் பிடிச்சீங்க, சார்?”