பொது இடம் தேடிய பந்தயம்

கூடைப்பந்துக்கு விசில் ஊதப் போகிறவன் வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும். எந்த ஊர்க்காரரிடம் அடி வாங்குவான் என்பது ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரியும். காரைக்குடியில் நான் டிரில் வாத்தியாராக இருந்தபோது சுற்றுவட்டாரப் பந்தயங்களுக்கெல்லாம் என்னைத்தான் பிடித்துப் போவார்கள். விசில் பிடித்த சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? ஆட்டம் நடந்தது சொந்த இடமா, பொது இடமா என்று கமிட்டி முடிவு கட்டும். ஜெயித்த அணிக்கு அது சொந்த இடம் என்றால் அந்த ஜெயம் செல்லாது.

அந்த வருஷம் இறுதி ஆட்டம் அரியக்குடிக்கும் நாச்சியாபுரத்துக்கும். பொது இடத்தில் ஜெயிக்கிற அணித் தலைவனைச் படிப்புச் சம்பளம் வாங்காமல் சேர்த்துக்கொள்வதாக மதுரையில் ஒரு காலேஜ் சொல்லியிருந்தது. அரியக்குடித் தலைவன் கருப்பையா உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. காலேஜ் கிடைக்காவிட்டால் ஏதாவது செட்டியார் கடைக்குச் சமையலாளாக ரங்கூன் கப்பல் ஏற வேண்டியதுதான்.

கண்மாய்ப் பொட்டல்

இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு கண்மாய்க்கரைப் பொட்டலைக் காட்டினேன். நாச்சியாபுரத்துப் பெரியவர் ஒருவர் கரையில் ஏறி நின்று மடையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

“தண்ணி அரியக்குடி வயலுக்குல்ல பாயுது? அப்ப பொட்டலும் அவுகளுதுதேன். ஒங்களுக்கு விசில்தேன் தெரியும், வெவசாயம் தெரியாது.”

ஆளுக்கொரு கம்பம்

கடைசியில் வலையபட்டி என்று முடிவாயிற்று. அங்கே கூடை மாட்டக் கம்பம் கிடையாது. அரியக்குடிக் கம்பத்தைக் கொண்டுவந்தால் அது அரியக்குடி இடமாகிவிடுமாம். ஆகவே ஊருக்கு ஒரு கம்பமாக, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நட்டோம். ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. இடம் கொடுத்த செட்டியார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏன் வாத்தியாரே, பந்தையும் ஆளுக்குப் பாதியா அறுத்துக் கொண்டாந்திருக்கீகளா?”

கைதட்டியவள்

கருப்பையா அன்றைக்கு ஆடியது ஆட்டம். அரியக்குடி ஜெயித்தது. கூட்டத்தில் இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி விடாமல் கை தட்டினாள். யார் என்று விசாரித்தார்கள். கருப்பையாவின் அக்காள் வள்ளி, வலையபட்டியில் வாக்கப்பட்டவள். கண்மாய்க்கரைப் பெரியவர் நேரே என்னிடம் வந்தார்.

“அக்காளைக் கட்டிக்கொடுத்த ஊரு பொது இடமாக்கும்? சம்பந்தி வீட்டுல வச்சு எங்களைத் தோக்கடிச்சுப்புட்டீக.”

கமிட்டியின் முடிவு

சம்பந்தம் செய்த ஊர் சொந்த ஊர்தான் என்று கமிட்டி அங்கேயே சொல்லிவிட்டது. அக்காள் வீட்டில் தம்பி ஒரு வாய் தண்ணீர்கூட யோசித்துத்தான் குடிப்பான், அதெப்படிச் சொந்த ஊர் என்று கேட்டேன். விசில்காரனுக்கு இந்தப் பேச்செல்லாம் எதற்கு என்றார்கள். மறு ஆட்டத்துக்கு நாளில்லை. காலேஜ் இடம் யாருக்கும் இல்லாமல் போயிற்று. கருப்பையாவிடம் போய்ச் சொன்னேன். அவன் பந்தை எடுத்து வண்டியில் வைத்தான். பாழாய்ப்போன உத்தியோகம் என்று அன்றைக்கு மனதார வெறுத்தேன். பக்கத்தில் நின்ற வள்ளிதான் பேசினாள்.

“வாக்கப்பட்டு வந்ததுலருந்து என்னைய அசலூர்க்காரின்னுதேன் இங்க சொல்றாக. எனக்கே சொந்தமில்லாத ஊரு, எந்தம்பிக்கு எப்படி வாத்தியாரே சொந்தமாச்சு?”

மாசி மாதம் கருப்பையா கப்பல் ஏறினான். யாரும் பெண் கொடுத்து எடுக்காத பொது இடம் ஒருவழியாக நடுக்கடலில் அவனுக்குக் கிடைத்துவிட்டது, அங்கே கம்பம் நடுவதற்குத்தான் வழியில்லை.