நோவைக் காட்டப் போனவர்

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் பஸ் ஓட்டும் ஸ்ரனிஸ்லாஸுக்கு உலகத்தில் எதுவுமே நோகாது. மன்னாரிலிருந்து வந்த நாள் முதல், யார் சுகம் கேட்டாலும் ‘ஆலெஸ் குட்’, எல்லாம் நல்லம், என்பதுதான் பதில். பனியில் வழுக்கிக் கையை முறித்த அன்றும் அம்புலன்ஸ்காரனுக்கு அதையேதான் சொன்னார். அப்பேர்ப்பட்ட மனுசனை வலது பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல்லொன்று கன்னத்தைப் பொத்திக்கொண்டு குந்த வைத்துவிட்டது. இடது பக்கத்துப் பற்களை ஏற்கனவே பிடுங்கியாயிற்று. இதுவும் போனால் நண்டுக்கறியை மணந்து பார்த்துவிட்டுக் கஞ்சி குடிக்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது.

பல் டொக்டர் லங்கே அம்மையார் படம் எடுத்துப் பார்த்து, வேரைச் சுத்தம் செய்தால் பல் தப்பும் என்றார்.

“ஆனால் உள்ளே நரம்பு அழன்றுபோயிருக்கிறது. இப்படியான கீழ்ப்பல் ஊசிக்கு லேசில் அடங்காது. நாளைக்கு வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே இந்த நோவுக் குளிசையைப் போடுங்கள். அப்போதுதான் ஊசி நன்றாகப் பிடிக்கும்.”

ஸ்ரனிஸ்லாஸ் பவ்வியமாகத் தலையாட்டினார். மறுநாள் குளிசையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டார்.

“ஏனப்பா, போடேல்லையோ?” என்றாள் மனைவி யோசப்பின்.

“உனக்கென்ன விசரே? நோவை மாத்திப்போட்டுப் போனா டொக்டருக்கு என்னத்தைக் காட்டுறது?”

காய்ச்சலோடு போனால்தான் காய்ச்சலுக்கு மருந்து. நம்மவர்களின் வைத்திய சாஸ்திரம் அது.

ஊசி போட்டாயிற்று. உதடு மரத்துத் தொங்கியது. பல்லும் மரத்ததா என்று பார்க்க டொக்டர் குளிரூட்டிய பஞ்சைப் பல்லில் வைத்தார். உச்சந்தலை வரை வெட்டி இழுத்தது.

“விறைச்சிட்டுதோ அண்ணை?” என்று கேட்டாள் உதவிக்கு நின்ற பிறின்சி. அவளும் தமிழ்ப்பெண்தான்.

“ஓம், ஓம். ஆலெஸ் குட்.”

படித்த மனுசி பாடுபட்டு ஊசி போட்டிருக்கிறார். நோகுது என்று சொன்னால் அவருடைய முகம் கோணாதா? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே!

துளைக்கும் மெசின் பல்லைத் தொட்டதுதான் தாமதம், ஸ்ரனிஸ்லாஸ் கதிரையிலிருந்து எழும்பியே விட்டார். டொக்டர் கையை எடுத்தார்.

“உதடு மரத்தால் பல்லும் மரத்துவிட்டதென்று அர்த்தமில்லை. நீங்கள் உண்மையைச் சொல்லாவிட்டால் இந்தப் பல்லை என்னால் காப்பாற்ற முடியாது. குளிசை போட்டீர்களா?”

குளிசை சட்டைப்பையிலிருந்து வெளியே வந்தது. பிறின்சி தலையில் கை வைத்தாள்.

“ஐயோ அண்ணை! காட்டவெண்டு நோவைப் பொத்திப் பொத்திக் கொண்டுவந்திட்டு, இஞ்ச வந்து ஒளிக்கிறியளே!”

அவர் கூரையைப் பார்த்தார். கண் கலங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நோகுது பிள்ளை,” என்றார். “பொல்லாத நோவு.”

பிறின்சி அதை ஜேர்மன் மொழியில் சொல்ல, டொக்டரின் முகம் கோணவில்லை. “நன்றி” என்றார். குளிசையைக் கொடுத்து விழுங்க வைத்து, ஒரு மணித்தியாலம் வெளியே உட்கார வைத்தார். பிறகு பல்லுக்குப் பக்கத்திலேயே, கன்னப்பக்கத்து முரசுச் சதையில் இன்னொரு ஊசி. மறுபடியும் குளிர்ப்பஞ்சு. இம்முறை ஒன்றுமே தெரியவில்லை. நம்பாமல் இரண்டாம் முறையும் வைக்கச் சொன்னார். பல் தப்பியது.

நேரமாகியும் காணாமல் தேடி வந்த யோசப்பின் வெளியே காத்திருந்தாள்.

“நொந்ததோ?”

“ஓம். நல்லா நொந்தது.”

அவள் பயந்தே போனாள். அந்த வாயிலிருந்து அப்படியொரு சொல்லை அவள் கேட்டதேயில்லை. அவருடைய கையைப் பிடித்து வாங்கில் இருத்தினாள்.

“வேறை எங்கையும் நோகுதோ?”

ஸ்ரனிஸ்லாஸ் சற்று யோசித்தார்.

“முழங்காலும்,” என்றார். “கனகாலமா.”